பதிவேட்டை ஊரே எழுத வேண்டும்

ஊராட்சித் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, மகளிர் குழுத் தோழியரே, ஆடு மாடு மேய்க்கும் பெரியவர்களே, வணக்கம்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், 41-ஆம் பிரிவில், ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவின் முதல் வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊரிலுள்ள செடி, கொடி, உயிரினங்களையும் அவை பற்றி ஊரார் அறிந்ததையும் எழுதிவைக்கும் ஏடு. 2020 ஜனவரி 31-க்குள் இதை முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்காக அவசரத்தில் நிரப்பிய பதிவேட்டைப் புரட்டினால் வேம்பு, புளி, மயில், காகம் என்று இருக்கும். எந்த ஊருக்கும் பொருந்தும் பட்டியலை வைத்துக்கொண்டு எந்த ஊரையும் காப்பாற்ற முடியாது.

நன்னாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நன்னாரி உண்டு’ என்று எழுதினால் பயனில்லை. எந்தக் கரட்டில் இருக்கிறது, யார் தோண்டுகிறார்கள், எந்த மாதத்தில், கிழங்கை முழுதாகப் பிடுங்குகிறார்களா அல்லது மறுபடி தழைக்க வேரில் கொஞ்சம் விடுகிறார்களா, முன்பு எவ்வளவு கிடைத்தது, யார் வாங்கிப்போகிறார் என்பதெல்லாம் வேண்டும். இதைச் சொல்லக் கூடியவர் தோண்டுகிறவர்தான். கூட்டத்தை அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் வைத்தால் அவர் வரமாட்டார். பதிவேட்டில் வேம்பும் புளியும்தான் மிஞ்சும்.

கோடை, ஆடி, ஐப்பசி, தை என்று நான்கு பருவமாவது பார்த்து எழுதுங்கள். மழைக்குப் பின் முளைக்கும் கீரையும் வலசை வரும் பறவையும் சித்திரையில் கண்ணில் படாது. ஊர்ப் பெயரை முதலில் எழுதி, அறிவியல் பெயரைப் பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையிடம் சரிபாருங்கள். அரிய மூலிகை இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் ஒட்டாதீர்கள். மறுவாரமே அதைத் தோண்டிப்போக ஆள் வந்துவிடும்.

பதிவேடு முடிந்தபின் ஓரிடத்தில் வேலையைத் தொடங்குங்கள். பெரும்பாலும் அது கண்மாயாக இருக்கும், பிரச்சினை சீமைக் கருவேலமாக இருக்கும். ஒரே வாரத்தில் இயந்திரம் விட்டு வழித்தெடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். வேர்த்தூரைத் தோண்டி எடுத்தாக வேண்டும். ஆனால் கரைச்சரிவில் அப்படித் தோண்டினால் மண் இளகி மழையில் கரை அரிக்கும். அதனால் உள்வாயில், அதாவது கண்மாயின் நீர் நிற்கும் உட்பரப்பில் முதலில், கரையில் பகுதி பகுதியாக, தோண்டிய இடத்தில் உடனே வெட்டிவேர் அல்லது பனை. கொக்கும் நாரையும் கூடு கட்டும் சீமைக் கருவேல மரங்களைக் குறித்து வைத்து விட்டுவிடுங்கள். மருதும் நாட்டுக் கருவேலும் வளர்ந்து கிளைவிட்ட பிறகு அந்தச் சீமைக் கருவேலங்களை எடுக்கலாம். சீமைக் கருவேல நெற்றைத் தின்ற ஆடுமாட்டின் சாணத்தில் விதை மீண்டும் வரும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றைப் பிடுங்க ஆள் வேண்டும். இதற்கு ஊதியம் ஒதுக்காத திட்டம் மூன்றாம் ஆண்டு பழைய புதராகிவிடும்.

மேய்ச்சல் புறம்போக்கைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து மரக்கன்று நடாதீர்கள். வானம்பாடியும் ஆள்காட்டியும் வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும். நிழல் விழுந்தால் புல்லும் போகும், அவையும் போகும்.

பணம், அதிகாரம் இரண்டையும் சட்டமே தந்திருக்கிறது. வணிகத்துக்குச் சேகரிப்பவரிடம் குழு கட்டணம் வசூலிக்கலாம். 43-ஆம் பிரிவின்படி உள்ளூர்ப் பல்லுயிர் நிதி வைக்கலாம். 37-ஆம் பிரிவின்கீழ் பல்லுயிர் வளம் மிக்க இடத்தை மாநில அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். 2022-இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் தலமானது. பின்னர் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தப் பகுதிக்கு வந்தபோது ஊர் மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அடுத்த கிராம சபையில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள்: குழுவில் பெண்களும் பட்டியல் சாதியினரும் மேய்ப்போரும் இடம்பெறுவது, நான்கு பருவப் பதிவுக்கான நாட்கள், கண்மாய் வேலைக்கு மூன்று ஆண்டு ஊதியம். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் சபையில் வாசித்து, தவறைத் திருத்தி, பிறகு கையெழுத்திடுங்கள்.