மாரிக்கு முந்தின வளவு வேலை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

புரட்டாதி பிறந்துவிட்டது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓயப் போகிறது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிற நேரத்தில் தோட்டக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். தை மாதத்தில் கத்தரியும் மிளகாயும் நட நினைப்பவருக்கு வேலை இப்போதே இருக்கிறது.

எருவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை கரையோர வளவுகள் பெரும்பாலும் மணல். மழைக்கு முன்பே மாட்டெருவைப் பரப்பிவிட்டால், கார்த்திகை, மார்கழி மழை அதன் சத்தைக் கரைத்து, வேர் எட்டாத ஆழத்துக்கு இறக்கிவிடும். அங்கிருந்து அது நம்முடைய கிணற்றுக்கே வந்து சேரலாம். அதனால் எருவை மேடான இடத்தில் குவித்து, கிடுகால் மூடி வையுங்கள். மழை விட்டபின் நடுகிற குழிக்குள் போடலாம். கிடங்கு வெட்டி நிரப்புவது கடலோரமான எழுவான்கரைக்குச் சரிவராது, மாரியில் நிலத்தண்ணீர் மேலே வந்து கிடங்கு குளமாகிவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களி கலந்த மண் உள்ளவர்கள் எருவை விட்டுவிட்டு முதலில் தண்ணீர் வடிகிற வாய்க்காலைப் பாருங்கள்.

குவியலை இடைக்கிடை கிளறவும் வேண்டும். தென்னங்குருத்தைத் துளைக்கிற கருவண்டின் புழுக்கள் அதற்குள்தான் வளரும். பொறுக்கிப் போட்டால் கோழிகளுக்குக் கொண்டாட்டம்! முற்றத்தைக் கூட்டிச் சருகை எரிக்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். மணலுக்கு ஈரம் பிடிக்கும் தன்மையைத் தருவதே மக்கிய சருகுதான். அதையும் குவியலிலேயே போடுங்கள்.

முருங்கையின் நீண்ட கொப்புகளை இப்போதே வெட்டிவிடலாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. வெட்டிய தடித்த கொப்புகளை முதல் மழையோடு நட்டால் வேர்விடும், ஆனால் தண்ணீர் நிற்காத இடமாகப் பார்க்க வேண்டும். பப்பாசி அதைவிட மோசம். ஓரிரு நாள் அடியில் தண்ணீர் நின்றாலே வேர் அழுகத் தொடங்கும். மண்ணை மேடாக்கித்தான் வைக்க வேண்டும்.

சிரட்டை, பழைய டயர், உடைந்த சட்டி எல்லாவற்றையும் அகற்றுங்கள், டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். வெண்டி, பயற்றை நெற்றுகளைச் செடியிலேயே காயவிட்டு எடுத்து, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து வையுங்கள். கலப்பின விதையில் வந்த செடி என்றால் மினக்கெட வேண்டாம், அடுத்த தலைமுறை அதேபோல வராது.

கத்தரி, மிளகாய் நாற்று நடுகிற பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். ஆகவே மார்கழி நடுப்பகுதியில், மழை நிற்கும்வரை காத்திராமல், மேடைப் பாத்தியில் விதையுங்கள். மேலே பொலித்தீன் பந்தல் வேண்டும். பந்தலின் வடகிழக்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள், வாடைக்காற்று சாரலை அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும்.

நன்றி, வணக்கம்.