மடியில் இருக்கும் ரசிகர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சிறு குழந்தைகளும் குடும்பத்தாரும் சேர்ந்து கேட்கும் நேரடி இசை நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். குழந்தை எழுந்து நடப்பதையும், குரல் எழுப்புவதையும், மடியில் குதிப்பதையும் கச்சேரிக்கு இடையூறு என்று நினைக்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்த வயதில் இசை கேட்பது என்பதே அப்படித்தான் நிகழ்கிறது.

பிள்ளைகளுக்கான கச்சேரி புதிதன்று. லண்டனில் இசைப் புரவலர் ராபர்ட் மேயர் 1923-இலேயே அவற்றைத் தொடங்கினார். 1958 முதல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் அதன் நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய நிகழ்ச்சிகள் தொலைக்காட்சி வழியாக எத்தனையோ வீடுகளை எட்டின. மகத்தான பணிகள்தாம். ஆனால், இருக்கையில் அமர்ந்து விளக்கத்தைப் பின்தொடரக்கூடிய வயதினருக்கே அவை பொருந்தின. தவழும் குழந்தைக்கு அங்கே இடமில்லை.

அந்தக் குழந்தையோ கருவின் கடைசி மாதங்களிலேயே ஒலி கேட்கத் தொடங்கிவிடுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பதினான்கு மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கிக்கொண்டு இசைக்கேற்ப மெல்லக் குதிக்க, எதிரே நின்ற இன்னொருவர் சிலருக்கு அதே தாளத்திலும் சிலருக்குத் தாளம் தப்பியும் குதித்தார். பிறகு எதிரே நின்றவர் தம் கைப்பொருளைத் தவறவிட்டதுபோல் கீழே போட்டபோது, தாளம் ஒத்து ஆடிய குழந்தைகளே அதை எடுத்துக் கொடுக்க அதிகம் முன்வந்தார்கள். சேர்ந்து அசைவது குழந்தையை எதிரே இருப்பவரோடு இணைக்கிறது என்றால், அசையாதே என்று அதட்டி உட்காரவைப்பது எதைப் பறிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மேடையைவிடத் தரையே சிறந்தது. கலைஞர்கள் விரிப்பின் நடுவே அமர, குடும்பங்கள் சுற்றி அமரட்டும். வயலினைப் போன்ற, அதைவிடப் பெரிய செல்லோவின் மரவுடலில் உள்ளங்கையை வைத்த குழந்தை, வில் இழுபடும்போது கையைச் சட்டென்று எடுக்கும், வாசிப்பவரின் முகத்தைப் பார்க்கும், மறுபடி வைக்கும். அதிர்வுக்கும் ஒலிக்கும் உள்ள உறவை எந்த ஒலிபெருக்கியாலும் இவ்வாறு உணர்த்த முடியாது. சிறிய அறைக்கு ஒலிபெருக்கி தேவையும் இல்லை. கைபேசி போன்ற, பாட்டுக் கேட்கும் சாதனங்களுக்கு 2019-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை, வாரம் 40 மணி நேரத்துக்குப் பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு 75 என்றும் ஒலியளவுக்கு எல்லை வகுத்திருப்பதை நினைவில் கொள்வது நல்லது.

கலைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய கடினமான பாடம் காத்திருப்பது. ஒரு வயதுக் குழந்தை பல நேரங்களில் பாட்டு முடியும்வரை வாய் பிளந்து பாடுபவரையே பார்த்துக்கொண்டிருக்கும். கைதட்டலும் ஓய்ந்த பிறகுதான் ‘ஆ’ என்று குரல் கொடுக்கும். உடனே அடுத்த பாட்டுக்குத் தாவாமல், அந்த ‘ஆ’வை வாங்கி அதே சுருதியில் திருப்பிப் பாடுகிறவரே இந்த அரங்குக்கு ஏற்ற கலைஞர் என்பது என் கருத்து. சிறுவர்தானே என்று தரத்தைத் தாழ்த்தவும் கூடாது. கனமான இசையையும் குழந்தைகள் கேட்பார்கள். நிகழ்ச்சி நாற்பது நிமிடத்துக்குள் முடிந்தால் போதும்.

பெற்றோரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்களில் பலர் தமக்குப் பாட வராது என்று நம்பி வாய்மூடி இருப்பவர்கள். தம் தாய் தந்தையின் குரலுக்குக் குழந்தை எந்தக் குறையும் காண்பதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. எல்லோர் குரலுக்கும் எட்டும் சுருதியில், நான்கு வரிப் பாட்டு ஒன்றை நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் பாடவையுங்கள். மூன்றாம் முறை கலைஞர்கள் தங்கள் குரலைத் தணித்துக்கொண்டு, பாட்டைக் குடும்பங்களிடம் விட்டுவிடட்டும். நன்றி.