நாற்பது வயதில் ‘கதை முடிந்த’ நடிகை: கினுயோ தனாகா

[திரையில்: 1950 ஜனவரி. கறுப்புக் கண்ணாடி அணிந்த பெண், பத்திரிகைக் கேமராக்களின் நடுவே]

வணக்கம். இவர்தான் ஜப்பான் நடிகை கினுயோ தனாகா. மூன்று மாதம் முன்பு நல்லெண்ணத் தூதராக, கிமோனோ உடுத்தி அமெரிக்கா போனவர். திரும்பும்போது மேல்நாட்டு உடை, கறுப்புக் கண்ணாடி. போதாததற்கு, வரவேற்க வந்த கூட்டத்தைப் பார்த்து முத்தங்களைப் பறக்கவிட்டார். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன.

இதற்கா இவ்வளவு கோபம்? போரில் தோற்று ஐந்து வருடம்கூட ஆகவில்லை. நாடு இன்னும் அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அதோடு, கினுயோ ஜப்பானியர்களுக்கு வெறும் நடிகை இல்லை, வீட்டுப் பெண் மாதிரி.

[திரையில்: பழைய மௌனப்படத் துணுக்குகள்]

1909-ல் ஷிமோனோசெகி துறைமுக ஊரில் பிறந்தவர். சிறுமியாக ஒசாகாவில் பிவா என்ற நரம்பு வாத்தியம் வாசித்தார். 1924-ல் ஷோசிக்கு ஸ்டூடியோவில் சேர்ந்தார். 1931-ல் ஜப்பானின் முதல் முழுநீளப் பேசும்படம் வந்தபோது அதில் மனைவி வேடம் இவருக்குத்தான். முப்பதுகளில் இவர் படம் என்றாலே வசூல் நிச்சயம். அப்படிப்பட்டவரை நாற்பது வயதில் ‘இனி அவ்வளவுதான்’ என்று எழுதிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், நாம் பார்க்க வேண்டிய கினுயோ அதற்கப்புறம்தான் வருகிறார்.

[திரையில்: ‘ஓஹாருவின் வாழ்க்கை’, 1952]

இயக்குநர் கென்ஜி மிசோகுச்சியின் இந்தப் படத்தில் அரண்மனைப் பணிப்பெண்ணாகத் தொடங்கி, தெருவில் நிற்கும் வயதான விலைமகளாக முடிகிறார். முழு வாழ்க்கையும் ஒரே நடிகை. அடுத்து ‘உகெட்சு’. பிறகு 1954-ல் ‘சான்ஷோ’. பிள்ளைகளைப் பிரித்து, தாயை சாடோ தீவுக்கு விற்றுவிடுகிறார்கள். தாயாக வரும் கினுயோ கடலைப் பார்த்தபடி பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்: ‘சுஷியோ... அன்ஜு...’ அழுகை கிடையாது. குரலை மட்டும் இழுத்து விடுகிறார். கேட்டுப் பாருங்கள், நெஞ்சைப் பிசையும்.

இதற்கிடையே அவருக்குப் படம் இயக்கும் ஆசை வந்துவிட்டது. பெரிய நட்சத்திரம்தான், ஆனாலும் இயக்குநர் மிக்கியோ நருசேயிடம் உதவி இயக்குநராகப் போய்த் தொழில் கற்றார். 1953-ல் முதல் படம், ‘காதல் கடிதம்’. அமெரிக்கச் சிப்பாய்களோடு பழகிய ஜப்பானியப் பெண்களுக்காக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் ஆட்களின் கதை. அந்தப் பெண்களை ஊர் எப்படிப் பேசியது என்பது கினுயோவுக்குப் பட்டுத் தெரிந்த விஷயம்தானே. படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்டது.

அடுத்த படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர் யார் தெரியுமா? இயக்குநர் சங்கத் தலைவராக இருந்த அதே மிசோகுச்சி. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து வேலை செய்யவே இல்லை. திரைக்கதை தந்து துணை நின்றவர் இன்னொரு இயக்குநர், யாசுஜிரோ ஓசு.

[திரையில்: 1955, மார்பகப் புற்றுநோய் வந்த கவிஞரின் கதை]

இவர் இயக்கிய ஆறில் எனக்கு இதுதான் முதலிடம். ஃபுமிகோ நகாஜோ என்ற நிஜக் கவிஞரை வைத்து எடுத்தது. அறுவை முடிந்த நாயகி தோழி வீட்டில் குளிக்கிறாள். எட்டிப் பார்த்த தோழி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நாயகியோ கூச்சப்படவில்லை, பார் என்கிறாள். 1955-ல் இப்படி ஒரு காட்சி! நோயாளிக்கு ஆசையும் கோபமும் பிடிவாதமும் உண்டு என்று காட்டிய படம், பரிதாபத்துக்கு இடமே வைக்கவில்லை.

1962-ல் ஆறாவது படத்தோடு இயக்கத்தை நிறுத்தினார். நடிப்பை மட்டும் எப்போதுமே விடவில்லை. படம் இயக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1958-ல் ‘நரயாமா’ படத்தில், மலையில் விடப்படும் கிழவியாக நடிக்க நிஜமாகவே முன்பற்களைப் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். 1974-ல் ‘சண்டகான் 8’. சிறுவயதில் போர்னியோ தீவில் விபசார விடுதிக்கு விற்கப்பட்ட பெண்ணின் முதுமைக்காலம். இதற்காக 1975-ல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. 1977 மார்ச்சில் மூளைக்கட்டியால் இறந்தார்.

இயக்குநர் கினுயோவை உலகம் கவனிக்க 2021 வரை ஆனது. அப்போதுதான் புதுப்பித்த பிரதிகள் விழாக்களைச் சுற்றத் தொடங்கின.

சரி, எதில் ஆரம்பிப்பது? முதலில் ‘ஓஹாரு’, உடனே ‘காதல் கடிதம்’. ‘சான்ஷோ’வை மட்டும் தூக்கக் கலக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.