காத்தாடி நம்ம காட்டுல, பங்கு யாருக்கு?

[காட்சி: உடுமலை–பல்லடம் பக்கம், சோளக்காட்டு நடுவே காத்தாடிகள்]

பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசியில நுழையற காத்து, புரட்டாசி வரைக்கும் விடாதுங்க. ஆனா இங்கே கரண்ட் எடுக்கச் சுத்தற காத்தாடியில பெரும்பாலானது மில்லுக்கோ கம்பெனிக்கோ சொந்தம். காட்டுக்காரருக்கு இடம் வித்த காசோட சரி. ஏன்னு கேட்டா, சட்டத்தைத்தான் புரட்டணும்.

[காட்சி: டென்மார்க் வரைபடம்]

கோபன்ஹேகன் கடலோரம் மிடில்குருண்டன்ல 20 காத்தாடி, மொத்தம் 40 மெகாவாட். பாதி, எட்டாயிரம் பேருக்கு மேல சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். 2009-ல வந்த சட்டம், நிலத்துல புதுசா காத்தாடி நிறுத்தறவங்க 20 சதவீதப் பங்கை உள்ளூர்க்காரங்களுக்கு விலைக்குத் தந்தே ஆகணும்னுச்சு. 4.5 கிலோமீட்டருக்குள்ள குடியிருந்தவங்களுக்கு முதல் உரிமை இருந்துச்சு. 2020-ல அந்த விதியை எடுத்துட்டாங்க.

ஜெர்மனியில 2000-ல வந்த சட்டம் காத்தாடிக் கரண்டுக்கு 20 வருஷத்துக்கு நிலையான விலை தந்துச்சு. அதைக் காட்டினா ஊர் பேங்க்ல கடன் கிடைச்சுது. 2017-ல, குறைஞ்ச விலைக்குக் கரண்ட் தர்றவங்களுக்கே திட்டம்னு ஏலம் வந்துச்சு. தோத்தா ஆய்வுச் செலவு அத்தனையும் போச்சு. பத்து திட்டம் வச்சிருக்கற கம்பெனி தாங்கும், ஊர்ச் சங்கம் தாங்காது. அதனால சங்கங்களுக்குச் சலுகை கொடுத்தாங்க. உள்ளூர் ஆளுங்களை முன்னால நிறுத்தி, பெரிய கம்பெனிக்காரங்களே அதை அள்ளிட்டாங்க. பினாமி நமக்கு மட்டும் சொந்தமில்லைங்க!

[காட்சி: நூற்பாலை, மீட்டர் அறை]

நம்ம நாட்டுல 2005 மின்சார விதிகள்தான் கணக்கு. குரூப் கேப்டிவ்ல, அதாவது பல பேரு பங்கு போட்டுச் சொந்தத் தேவைக்குக் கரண்ட் எடுக்கற ஏற்பாட்டுல, சேர்றவங்க கையில 26 சதவீதப் பங்காவது இருக்கணும். வருஷ உற்பத்தியில 51 சதவீதமாவது அவங்களே எரிக்கணும். ஒரு வருஷம் தவறினா, அந்த வருஷ மின்சாரம் மொத்தத்துக்கும் கூடுதல் கட்டணம் விழும். காத்து குறைஞ்சா கூடப் பரவாயில்லை. ஆர்டர் இல்லாம மில்லு நின்னா மாட்டிக்குவீங்க. ஆக, கரண்ட் நிறையா எரிக்கறவருக்குத்தான் இது கதவு. ஆனா, பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம்னா உறுப்பினர்கள் மொத்தமா இந்த அளவை எட்டினாப் போதும்னு அதே விதியில இருக்கு.

[காட்சி: ஓடந்துறை, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி]

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை பஞ்சாயத்து 2006-ல 350 கிலோவாட் காத்தாடி வாங்குச்சு. விலை 1.55 கோடி, சேமிப்பு 40 லட்சம், மீதி பேங்க் கடன். நிறுத்தினது ஊருக்குள்ள இல்லை, காத்து இருக்கற மைவாடியில. வருஷம் 6.75 லட்சம் யூனிட் வாக்கில உற்பத்தி, ஊர்த் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு வித்தாங்க.

உங்க ஊர்ல பேசறதுக்கு முன்னால, தெருவிளக்கு, மோட்டார் சர்வீஸ் நம்பர் அத்தனைக்கும் ஒரு வருஷ யூனிட்டைக் கூட்டிப் பாருங்க. காத்தாடி தர்றதுல அந்த 51 சதவீதம்கூடத் தேறலைன்னா, பக்கத்துப் பஞ்சாயத்தையும் சேர்த்துக்கிட்டுத்தான் பேங்க் படியேறணும்.