திங்களன்று படித்தது வெள்ளியன்றும் நினைவில் நிற்க

நேயர்களுக்கு வணக்கம். தொடக்கப் பள்ளி வகுப்பில் ஒரு வாரத்துப் பாடத்தையும், வீட்டுக்குப் போகும் நினைவூட்டல்களையும் எப்படி அமைக்கலாம் என்று பார்ப்போம்.

கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவு அல்ல. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று முன்பு நாமே சொல்லிக்கொடுத்ததை நம்பி, 7-இல் 2 போக 5 என்று போட்டிருக்கிறார்கள். அதனால் திங்கட்கிழமை நோட்டு வேண்டாம். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக்கட்டுகள், இரண்டு உதிரிக் குச்சிகள் போதும். ஏழு குச்சி எடுக்க ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்கட்டும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. அவற்றில் இரண்டு கட்டும் ஏழு உதிரியும் எடுத்தால் மீதி 25. செவ்வாயன்று குச்சியை அவிழ்க்க அவிழ்க்கப் பலகையில் 5-ஐ அடித்து 4 எழுதுங்கள். புதனன்று குச்சியை எடுத்துவிடலாம்.

நடுவில் சுழியம் வரும் 402 − 158 போன்ற கணக்கை வியாழனுக்கு முன் தொடாதீர்கள். இதில் நூறைப் பத்துக் கட்டாக மாற்றி, அதில் ஒன்றை மறுபடி அவிழ்க்க வேண்டும். மீதி ஒன்பது கட்டுதான் என்பதை மறக்கும் பிள்ளைக்கு 254 வரும். சரியான விடை 244. விடைத்தாளில் 254-ஐப் பார்த்தால், எந்தப் படி விட்டுப்போனது என்று உடனே புரிந்துவிடும்.

அடுத்து, சொல்வதெழுதுதல். பத்துச் சொற்களைப் பத்துப் பத்து முறை எழுதச் சொல்வதில் பயன் குறைவு. மூன்றாவது வரியிலேயே கை மேல்வரியைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடும், நினைவுக்கு வேலையே இல்லை. சொல்லைப் பார்த்து, மூடி, எழுதி, திறந்து சரிபார்க்கட்டும். தினம் ஐந்து நிமிடம் போதும். இடைவெளி விட்டுப் படித்தால் நினைவில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885-இலேயே எழுதியிருக்கிறார். வெள்ளியன்று தவறிய சொற்களை அடுத்த வாரப் பட்டியலிலும் சேருங்கள். பழம், கிளி, மழை என்று ல, ள, ழ குழம்பும் சொற்களுக்கு இது மிகவும் தேவை.

இனி நினைவூட்டல்கள். மணியடிக்கும் நேரத்தில் சொன்னால், பை கட்டும் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்காது. மதிய உணவுக்குப் பிறகு, டைரியில் பிள்ளையே எழுதட்டும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். 'நாளை கொண்டுவரவும்' என்று எழுதினால், டைரியை மறுநாள் பிரித்துப் பார்க்கும் பெற்றோருக்கு எந்த நாளை என்று தெரியாது. கிழமையை எழுதுங்கள். வெள்ளிக்கு வேண்டிய அட்டையையும் பசையையும் திங்களன்றே சொல்லி, புதனன்று மறுபடி சொல்லுங்கள். வியாழன் மாலை சொன்னால் பெற்றோர் எங்கே போவார்கள்? வாங்க இயலாத வீடுகளுக்காக வகுப்பு அலமாரியில் நான்கைந்து செட் எப்போதும் இருக்கட்டும்.

கையெழுத்துச் சீட்டு கொண்டுவராத பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுத வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டியவர் வீட்டிலுள்ள பெரியவர். இன்னொரு சீட்டை டைரியில் பின் குத்திக் கொடுத்தனுப்புங்கள். வணக்கம்.