புதைபடிவம்: ஒரு சொல்லின் உள்ளே

வணக்கம் நேயர்களே. ஆங்கிலத்தில் ஃபாசில் என்கிறார்களே, தமிழில் புதைபடிவம், அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஃபாசிலின் வேர் லத்தீன். 'தோண்டி எடுத்தது' என்று பொருள். உயிரைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது. 1546-இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா ஃபாசில்களைப் பற்றி எழுதிய நூலில் தாதுக்களும் மணிக்கற்களும்கூட இருந்தன. மண்ணுக்கடியிலிருந்து வந்ததெல்லாம் ஃபாசில்தான். பண்டைய உயிர்களின் எச்சம் என்று பொருள் சுருங்கியது பிற்பாடு. நம் சொல்லில் தோண்டியவரின் கை இல்லை. புதைந்து, படிந்து கிடந்த பொருளின் கதைதான் இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

அப்புறம், மனிதர்களையும் இப்படிச் சொல்கிறார்கள். "அவர் ஒரு ஃபாசில்" என்றால் காலத்துக்கேற்ப மாறாதவர் என்று அர்த்தம். இந்த வசை பொருந்தவே இல்லை என்பேன். கல்மரத்தை நினைத்துப் பாருங்கள். விழுந்த மரத்தை வண்டல் மூடுகிறது. காற்றுப் படாததால் அது சீக்கிரம் மட்கிப் போவதில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா என்ற கனிமம், மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. கடைசியில் மரப்பொருள் பெரும்பாலும் போய்விடும். நம் கையில் இருப்பது கல். ஆனால் ஆண்டு வளையங்களை இன்னும் எண்ணலாம். வடிவம் நின்றதே தவிர, உள்ளே அத்தனையும் மாறிவிட்டது. இதையா மாறாததற்கு உவமை சொல்வது?

'வாழும் புதைபடிவம்' என்ற பெயரும் உண்டு. டைனோசர்களோடு அழிந்ததாக நம்பப்பட்ட சீலகாந்த் மீன் 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு பிடிபட்டது. அதன் உடலும் பழைய கல் உருவங்களை அப்படியே ஒத்ததல்ல.

உருவகம் அழகாகப் பொருந்துவது மொழியில்தான். தனியே வழக்கொழிந்து, ஒரு தொடருக்குள் மட்டும் தங்கிவிட்ட சொல்லை மொழியியலில் புதைபடிவச் சொல் என்கிறார்கள். 'கங்குகரையில்லாத மகிழ்ச்சி' என்கிறோம். கங்கு என்றால் இன்று நெருப்புத் துண்டுதான் நினைவுக்கு வரும். இங்கே அது வரம்பு. 'தோட்டம் துரவு' என்கிறோம். துரவு மோனைக்காகச் சேர்த்த வெற்றொலி என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அகராதியைப் புரட்டினால், துரவு என்பது கிணறு. தோட்டத்துக்கு நீர் இறைத்த கிணறு, அந்தத் தொடருக்குள் இன்னமும் இருக்கிறது.