கலந்து கட்டியதால்தான் அது மைசூர் அரண்மனை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மைசூர் அரண்மனையின் கலப்புக் கட்டடக்கலை அதற்குப் பெருமையா, குறையா என்பது தலைப்பு. 'குறையே' என்று பேசிய நண்பர் அதைக் கூட்டாஞ்சோறு என்றார். முகலாயக் குவிமாடம், ராஜபுத்திர மாடம், ஐரோப்பியக் கோபுரம், இந்துக் கோயில் சிற்பம் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைக்காரர் அள்ளிப்போட்டுக் கிண்டிவிட்டாராம். கூட்டாஞ்சோறு எங்கள் ஊரில் பெரிய விருந்து ஐயா! அதை வசைச்சொல்லாக்கிய குற்றத்துக்கே இரண்டு மதிப்பெண் குறைக்க வேண்டும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். 1897-இல் அரச குடும்பத்துத் திருமணம் நடக்கும்போது பழைய மர அரண்மனை எரிந்துபோனது. அரியணைக்கு உரிய மகன் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவன். ஆட்சியைக் கவனித்தவர் தாயார் கெம்பநஞ்சம்மணி. அவர் அழைத்தது கட்டடக்கலைஞர் ஹென்றி இர்வினை. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் அவர் கைவண்ணத்தைப் பார்க்கலாம். 1912-இல் வேலை முடிந்தது, செலவு 41 லட்சம் ரூபாய்க்கு மேல்.

நெருப்பில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் மறுபடி எப்படிக் கட்டுவார்கள்? கருங்கல்லும் செங்கல்லும் இரும்பும் கொண்டு கட்டினார்கள். கலியாண மண்டபத்தைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. சீமை மோகம் என்றார் நண்பர். தீக்காயம் பட்டவர்களின் முன்யோசனை என்கிறேன் நான்.

அந்த மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். எட்டுப் பட்டைக் கூரையில் வண்ணக் கண்ணாடி. கண்ணாடிக்கலை ஐரோப்பாவுடையது. அதில் இருப்பதோ நம் மயில்! கண்ணைக் கொஞ்சம் இறக்கினால் சுவரைச் சுற்றித் தசரா ஊர்வலம்: யானை, குதிரை, படை, ஊர்ச்சனம். மைசூர் ஓவியர்கள் தீட்டியது. வெளியூர்ப் பொருள் வேலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் யார் என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இல்லை.

அம்பாவிலாசம் என்ற தனி தர்பார் மண்டபத்தில் வண்ணம் அதிகம், கண் கூசும். ஒப்புக்கொள்கிறேன், இர்வின் அங்கே கொஞ்சம் கையை அடக்கியிருக்கலாம். ஆனால் அங்கே தந்தம் இழைத்த கருங்காலிக் கதவு... இல்லை இல்லை, ஈட்டி மரக் கதவு, அது எங்கே திறக்கிறது? பிள்ளையார் சந்நிதிக்கு. தரையில் ஆக்ரா பாணியில் கல் பதித்த பூவேலை. முகலாயர் வளர்த்த கலையை மிதித்துப் போய்ப் பிள்ளையாரைக் கும்பிடுகிறார் மைசூர் மகாராஜா. இதிலே என்ன முரண்பாடு?

முகப்புக்கு வாருங்கள். வரிசை வரிசையாக வளைவுகள், இளஞ்சிவப்புக் குவிமாடங்கள், நடுவில் 145 அடி உயரக் கோபுரம். அதன் கீழே, நடு வளைவுக்கு மேலே நிற்பது யார்? இருபுறமும் யானைகளோடு கஜலட்சுமி. நடுநாயக இடத்தை விட்டுக்கொடுக்கவே இல்லையே!

"தூய பாணியில் கட்டியிருக்கலாமே" என்றார் நண்பர். எந்தத் தூய பாணி? கோட்டைக்குள் திராவிட கோபுரங்களோடு கோயில்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அரண்மனையையும் கோயிலாகவே கட்டியிருந்தால் ராஜா எங்கே குடியிருப்பார்?

நடுவர் மணியை அடித்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி. கலப்பு குறை என்றால் எதை நீக்கலாம்? இரும்புத் தூணை எடுத்தால் கலியாண மண்டபக் கூரை தலையில் விழும். வளைவுகளை எடுத்தால் கஜலட்சுமிக்கு நிற்க இடமில்லை. குவிமாடங்களை எடுத்துவிட்டால், தசராவுக்கு விளக்கேற்றும்போது எதைப் பார்க்க அத்தனை கூட்டம் வரும்? அடுத்துப் பேசுபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.